காட்டைப் பார்த்தல்

சென்ற கோடை விடுமுறையில் மகள் குடும்பத்தோடு பவானிசாகர் போயிருந்தோம். அணைக்குக் கீழே உள்ள பூங்காவில் கட்டிக்கொண்டு போன சோற்றைத் தின்றுவிட்டு, பிற்பகலில் பண்ணாரி வழியாகத் திம்பம் மலைப்பாதையில் கொஞ்ச தூரம் ஏறி இறங்குவது என்று ஏற்பாடு. பண்ணாரியைத் தாண்டியதும் இருபுறமும் மரங்கள் நெருங்கி வந்தன. எட்டு வயதுப் பேத்தி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "இதுதான் காடா, அப்புச்சி?" என்றாள். ஆமாம் என்றேன். "நீங்க காட்டுலதான் வளந்தீங்கன்னு அம்மா சொன்னாங்க. அங்க புலி இருந்துச்சா?"

வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி அதோடு போய்விடவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத் தாமதமாகச் சொல்லும் பதில்.

கொங்குச் சீமையில் காடு என்றால் வனம் அல்ல. உழுது விதைக்கும் மானாவாரி நிலம்தான் காடு. "அப்பா எங்கே?" என்றால் "காட்டுக்குப் போயிருக்காரு" என்பார்கள். கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம். நீர் நின்று நெல் விளைவது வயல். சோளம், கம்பு, கொள்ளு விதைக்கிற மேட்டு நிலம் மேட்டாங்காடு. காங்கேயம் பக்கம் கிளுவை வேலி கட்டி, வெள்வேல மரங்களை நிற்கவிட்டு, கொழுக்கட்டைப் புல் வளர்த்து மாடு அடைத்து மேய்க்கும் நிலம் கொறங்காடு. மரமடர்ந்து விலங்கு திரியும் இடத்துக்கு எங்கள் வீட்டில் 'மலை' என்றுதான் பெயர். 'இயற்கை' என்ற சொல் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்தது. வீட்டில் அதை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை.

பேத்திக்கும் எனக்கும் நடுவில் ஒரு சொல் இடம் மாறியிருக்கிறது. எனக்கு வேலை நடக்கும் இடமாக இருந்த காடு, அவளுக்கு வேலையே இல்லாத இடமாகிவிட்டது. நாங்கள் போனது அதைப் பார்க்கத்தான்.

'பார்' என்ற வினையையும் இங்கே கவனிக்க வேண்டும். எங்கள் பக்கம் விவசாயம் செய்வதைப் பண்ணையம் பார்ப்பது என்பார்கள். மாட்டைப் பார், தண்ணியைப் பார், வேலையைப் பார். எல்லாமே பார்ப்பதுதான். ஆனால் இந்தப் பார்வையில் கண்ணைவிடக் கைக்குத்தான் பங்கு அதிகம். மாட்டைப் பார் என்றால் அதன் அழகைப் பார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அவிழ்த்துக் கட்டு, தண்ணி காட்டு, சாணி அள்ளு, ஈனும்போது பக்கத்தில் இரு என்று பொருள். இதே வினையைத்தான் இன்று அணையைப் பார்க்கவும் அருவியைப் பார்க்கவும் பயன்படுத்துகிறோம். இந்தப் பார்வையில் கைக்கு வேலையில்லை. பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

இங்கிருந்து ஒரு முடிவுக்கு வழுக்கிக்கொண்டு போவது மிகச் சுலபம். அன்று நாம் நிலத்தோடு ஒன்றியிருந்தோம், இன்று சுற்றுலாக்காரர்களாகிவிட்டோம், உறவு போய்க் காட்சி மட்டும் மிஞ்சியிருக்கிறது என்ற முடிவு. நம்மில் பலர் இதைக் கவிதையாகவும் கட்டுரையாகவும் எழுதியிருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். இதைச் சொல்லும்போது ஒரு தார்மீக உயரத்தில் நிற்கிற உணர்வு வருகிறது. கீழே பூங்காவில் பிளாஸ்டிக் தட்டில் தின்றுகொண்டிருக்கும் குடும்பங்களை அங்கிருந்து இரக்கத்தோடு நோக்கலாம். அன்று மலைப்பாதையில் எனக்கு வந்ததும் இந்த உணர்வுதான். 'நான் காட்டில் வளர்ந்தவன்' என்று சொல்லிக்கொண்டபோது தொண்டையில் கொஞ்சம் கர்வம் இருந்தது.

அந்தக் கர்வத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. 'நாம் நிலத்தோடு ஒன்றியிருந்தோம்' என்ற வாக்கியத்தில் வரும் 'நாம்' யார்?

எங்கள் தோட்டத்தில் கிணறு ஒன்று. 1968ல் மின்மோட்டார் வரும்வரை கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தோம். இரண்டு காளைகள் சரிவில் இறங்கும், வடம் இழுபடும், சால் மேலே வரும், சாலின் அடியில் தைத்திருக்கும் தோல் தும்பி விரிந்து வாய்க்காலில் நீரைக் கொட்டும், காளைகள் பின்னால் நடந்து மேலேறும். விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறும்வரை இது. என் இளமையைப் பற்றி நினைத்தால் முதலில் வருவது இந்த ஓசைதான். சகடை கிறீச்சிடுவதும் நீர் 'தபக்'கென்று விழுவதும் அரைத்தூக்கத்தில் காதில் விழும். திண்ணையில் போர்வைக்குள் கிடந்து அதைக் கேட்பது போன்ற ஒரு பாதுகாப்பு உணர்வை அதற்குப் பிறகு நான் எங்கும் அடைந்ததில்லை.

நான் போர்வைக்குள் கிடந்தேன். வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து காளைகளை ஓட்டியவர் எங்கள் பண்ணையத்து ஆள். அருந்ததியர், அன்றைய ஊர் வழக்கில் மாதாரி. சாலின் தும்பியைத் தோலில் தைத்துக் கொடுத்ததும், கிழிந்தபோது ஒட்டுப்போட்டதும் அவர்தான். எங்கள் வயலுக்கும் சமையலறைக்கும் வந்த ஒவ்வொரு சொட்டு நீரும் அவர் தைத்த தோலின் வழியாக வந்தது. ஆனால் அவருக்குத் தாகம் எடுத்தால் கிணற்றில் இறங்கி மொண்டு குடிக்க முடியாது. வாய்க்கால் ஓரத்தில் குந்தி இரண்டு கைகளையும் குவித்து ஏந்துவார். என் அம்மா செம்பை உயர்த்திப் பிடித்து ஊற்றுவாள். கஞ்சி கொட்டாங்குச்சியில்; வேலிக்கு அப்பால். கூலி வருஷக் கணக்கு, பெரும்பாலும் கம்பும் சோளமும். நான் பையன், அவருக்கு என் அப்பா வயது. நான் அவரைப் பெயர் சொல்லி 'வாடா, போடா' என்றுதான் கூப்பிட்டேன். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. காற்றில் இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

ஆகவே பண்ணையம் பார்த்தது நாங்கள் இல்லை. பண்ணையம் எங்கள் பெயரில் இருந்தது, பார்த்தவர்கள் வேறு. அப்பா வேலை செய்யாதவர் என்று சொல்லமாட்டேன். ஏர் பிடித்திருக்கிறார், இரவில் தண்ணீர் கட்டியிருக்கிறார். ஆனால் அவர் களைத்து உட்கார்ந்தபோது வேலை நின்றுவிடவில்லை. என்னைப் பொறுத்தவரையில், என் முழு இளமையும் இன்னொருவருடைய வேலைநாளுக்குள் நடந்த ஒரு உல்லாசப் பயணம். பவானிசாகர் பூங்காவில் உட்கார்ந்திருந்த குடும்பங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் மாலையில் வீடு திரும்பிவிடுவார்கள். நான் பதினேழு வருஷம் அங்கேயே இருந்தேன்.

நாங்களும் வெளியே போய்வந்ததுண்டு. ஆடிப் பதினெட்டுக்கு பவானி கூடுதுறை. பவானி காவிரியில் கலக்கும் இடம், சங்கமேசுவரர் கோயில். பெருந்துறைக்குத் தெற்கே எங்கள் ஊரிலிருந்து முதல்நாள் சாயங்காலம் வண்டி கட்டினால் விடியும்போது ஆற்றைப் பார்க்கலாம். புளிச்சோறும் தயிர்ச்சோறும் தூக்குப்போசியில். நடுவில் வைக்கோல் பரப்பிப் படுத்துக்கொண்டால் தலைக்குமேல் நட்சத்திரம் நகர்வது தெரியாது, வண்டி நகர்வதுதான் தெரியும்.

1965 என்று நினைக்கிறேன். அந்த வருஷம் பண்ணையத்து ஆளின் மகனும் வந்தான். என் வயதுதான். எங்கள் ஆடுகளை மேய்த்தவன். தானும் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று நாலு நாளாக என்னிடம் நச்சரித்தான். நான் அப்பாவிடம் சொன்னேன். 'மாட்டைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்தானே' என்று சம்மதித்தார். நான் அவனுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பல வருஷங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கரையேற வண்டியை அவிழ்த்துவிட்டு நாங்கள் துறைக்குப் போனோம். அவன் மரத்தடியில் காளைகளோடு நின்றான். நாங்கள் குளித்தோம், கோயிலுக்குப் போனோம், சாப்பிட்டோம். மீந்ததை அம்மா இலையில் அவனுக்குக் கொண்டுவந்து வைத்தாள். உச்சி கழிந்து வண்டி பூட்டினோம். அவன் ஆற்றில் கால் நனைத்தானா என்று எனக்குத் தெரியாது. அந்த நாளின் ஒவ்வொரு சிறு விஷயமும் என் நினைவில் இருக்கிறது: நீரின் செம்மண் நிறம், பாட்டி தண்ணீரில் விட்ட காதோலைக் கருகமணி, அக்காளின் புதுப் பாவாடைச் சாயம் கரைந்தது. அவன் நாள் முழுதும் என்ன செய்தான் என்பது மட்டும் இல்லை. மறந்துபோனதில்லை. அப்போதே நான் பார்க்கவில்லை.

நினைவின் ஒழுக்கம் பற்றி நாம் வழக்கமாகப் பேசும்போது, உணர்ந்ததை உணர்ந்தபடி சொல்வதுதான் உண்மை என்கிறோம். அது போதாது என்று எனக்குப் படுகிறது. உணர்ந்தபடி சொன்னால் நான் சொல்லக்கூடியது போர்வையின் கதகதப்பும் நீர் விழும் ஓசையும்தான். அவை பொய்யில்லை. ஆனால் என் உணர்வின் தூய்மை அந்த இடத்தின் தூய்மைக்குச் சாட்சியாகாது. குழந்தையின் கள்ளமின்மைகூட அங்கே யாரோ உழைத்து உண்டாக்கிக் கொடுத்த ஒரு சௌகரியம். உணர்ந்ததோடு, உணரத் தவறியதையும் நினைவில் கொண்டுவந்து நிறுத்தினால்தான் நினைவு உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

ரேமண்ட் வில்லியம்ஸ் 1973ல் எழுதிய புத்தகத்தில் ஆங்கிலக் கிராமிய இலக்கியத்தைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போகிறார். ஒவ்வொரு தலைமுறையும் பொற்காலம் தனக்குச் சற்று முன்னால்தான் முடிந்தது என்று சொல்கிறது. அந்த முந்தைய தலைமுறையும் அதையே சொல்லியிருக்கிறது. பொற்காலம் எப்போதும் எழுதுகிறவனின் சிறுவயதில் வந்து நிற்பது தற்செயலில்லை. சிறுவயதில்தான் நாம் கூலி கொடுப்பதில்லை, வாங்குவதுமில்லை.

நம் மரபு இந்த விஷயத்தில் நம்மைவிட விழிப்போடு இருந்திருக்கிறது. தொல்காப்பியம் கருப்பொருளை எண்ணும்போது மரத்தையும் பறவையையும் சொன்னதோடு நிற்கவில்லை. அங்கே இருப்பவர்கள் உண்பதையும், அவர்கள் செய்யும் தொழிலையும், கொட்டும் பறையையும் அதே வரிசையில் வைத்தது. தொழில் இல்லாமல் திணை இல்லை. 1942ல் வந்த ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' கொங்கு மண்ணை எவ்வளவோ பரிச்சயத்தோடு காட்டுகிறது. ஆனால் கதையில் நிலம் பாகம் பிரிக்கப்பட வேண்டிய சொத்தாக நின்று ஆளைக் கொல்கிறது. ஆக, ஆளில்லாத நிலத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து அதன்மேல் ஏங்கும் பழக்கம் நமக்குப் பழையதில்லை. நிலத்தைவிட்டுச் சம்பளத்துக்குப் போன பிறகு வந்தது. எனக்கு அது வங்கியில் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போன பிறகு வந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொரு வழுக்குப் பாறையையும் சொல்லவேண்டும். குற்ற உணர்வு. நமக்குள் இது ஒரு இலக்கியக் குணமாகவே ஆகிவிட்டது. முன்பு பிறந்த மண்ணைப் பற்றி உருகினோம். இப்போது பிறந்த மண்ணில் செய்த பாவத்தைப் பற்றி உருகுகிறோம். இரண்டிலும் நடுவில் உட்கார்ந்திருப்பவன் நான்தான். ஆட்டுக்காரப் பையன் முன்பு என் காட்சியில் இல்லாமல் இருந்தான். இப்போது என் மனசாட்சிக்கு ஒரு சாட்சியாக மரத்தடியில் நிறுத்தப்பட்டிருக்கிறான். இன்னமும் மாட்டைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

இதை நானாக யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. திம்பத்திலிருந்து இறங்கிய மறுநாள் ஊருக்குப் போனபோது தெரிந்துகொண்டேன்.

தோட்டத்தை விற்று வருஷங்கள் ஆகிவிட்டன. கிணறு தூர்ந்து கிடக்கிறது. பக்கத்தில் ஆழ்துளைக் குழாய். ரோட்டோர டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். அவர்தான். எழ வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். "நல்லா இருக்கறீங்களா?" என்றேன். அந்த 'ங்க' இருவருக்கும் நடுவில் கொஞ்சம் கூச்சத்தோடு நின்றது. அவர் சிரித்தார்.

"இருக்கறனுங்க. நீங்க எப்ப வந்தீங்க?"

பேச்சுக்கு நடுவில் கூடுதுறை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். நான் எதை எதிர்பார்த்தேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மன்னிப்பையோ குற்றச்சாட்டையோ, ஏதோ ஒன்றை.

"இருக்காதுங்களா? அந்தச் செவலை அன்னிக்குப் பூராம் கூட்டத்தக் கண்டு மெரண்டுக்கிட்டே நின்னுது. கண்ண எடுக்க முடியலையே."

அவ்வளவுதான். அந்த நாள் அவருக்கு ஒரு மிரளும் காளை. பிறகு அவராகவே பேசிக்கொண்டு போனார். முதல் மழைக்கு ஈசல் பிடித்தது, பனம்பழம் சுட்டது, இட்டேரியில் எலி வெட்டியது. "மேக்கால இருந்த பாழுங்கெணத்துலதான் நாங்க நீச்சல் பழகுனமுங்க. உங்க கெணத்துல எறங்க முடியாதில்லீங்க." குரலில் கசப்பு இல்லை. கிணறு எந்தத் திசையில் இருந்தது என்று சொல்வதுபோல இதையும் சொன்னார். அவருக்கு ஒரு முழு இளமை இருந்திருக்கிறது, அதில் நான் ஒரு ஓரத்தில்தான் இருந்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு சொன்னார்: "போன வருசம் கொடிவேரிக்குப் போனமுங்க. பையன் வேன் புடிச்சான். பேரம்பேத்தியெல்லாம் வந்துச்சுங்க. அணையில தண்ணி அருவியாட்டக் கொட்டுது. முதுகக் குடுத்துட்டு ஒக்காந்தனுங்க. அப்பறம் மேல வந்து மீனு வாங்கித் தின்னுட்டு, சும்மா தண்ணியப் பாத்துக்கிட்டே இருந்தனுங்க. ஒரு வேலையுமில்லீங்க."

சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன் என்றார். நான் மலைப்பாதையில் மனதுக்குள் ஏளனம் செய்த அதே பார்வை. கைக்கு வேலையில்லாத பார்வை. மண்ணோடு ஒட்டாத, வந்து பார்த்துவிட்டுப் போகிற பார்வை. அது அவருக்கு ஏறத்தாழ அறுபது வருஷம் கழித்துக் கிடைத்திருக்கிறது. காளையின்மேல் ஒரு கண் இல்லாமல் ஆற்றைப் பார்ப்பது.

'நிலத்தோடு ஒன்றிய வாழ்வு' என்று நாம் கொண்டாடுவது, அவரைப் பொறுத்தவரையில் கண்ணை எடுக்க முடியாத வாழ்வு. 'வெறும் சுற்றுலா' என்று நாம் இகழ்வது, அவரைப் பொறுத்தவரையில் விடுதலையின் ஒரு சிறு பகுதி. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976ல் வந்தது. எங்கள் ஊரில் அது செய்தியாகக்கூட வந்துசேரவில்லை. மின்மோட்டார் வந்தது, தும்பி தைக்கும் வேலை போயிற்று. அவர் மகன் பனியன் கம்பெனிக்குத் திருப்பூர் போனான். கவலையின் ஓசை நின்றுபோனதற்காக நான் ஏங்கிக்கொண்டிருந்த வருஷங்களில், அந்த ஓசையிலிருந்து அவர்கள் ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். என் இழப்பும் அவர்கள் போக்கும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பக்கம்.

இதனால் பழைய வாழ்வில் ஒன்றுமே இழக்கப்படவில்லை என்று ஆகாது. பவானிசாகர் அணை 1948ல் தொடங்கி 1955ல் முடிந்தது. கீழ்பவானி வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கிறது. அந்த நீர்த்தேக்கத்துக்குள் பழைய ஊர்கள் கிடக்கின்றன; தண்ணீர் வற்றும்போது டணாயக்கன்கோட்டைக் கோயில் வெளியே தெரியும், ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள். பெற்றதையும் இழந்ததையும் கழித்து மீதியைச் சொல்லும் கணக்கு இங்கே சாத்தியமில்லை. கொறங்காட்டில் எந்தப் புல்லை மாடு முதலில் கடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர் பேரனுக்குத் தெரியாது. என் பேத்திக்குத் தெரியவே தெரியாது. அந்த அறிவு போவது இழப்புதான். ஆனால் அதை இழப்பு என்று சொல்லும் தகுதி முதலில் அவருக்கு உண்டு. அவர் சொல்லவில்லை. கொடிவேரி மீன் நன்றாக இருந்தது என்று சொன்னார்.

அப்படியானால் நினைவில் சுகம் காணும் உரிமை எனக்கு உண்டா இல்லையா? உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போர்வைக்குள் கிடந்து கேட்ட ஓசையை நான் திருப்பிக் கொடுக்க முடியாது. கேட்காததுபோல் பாவனை செய்யவும் முடியாது. ஆனால் அந்த ஓசையைக் கோலாக எடுத்து இன்றைய குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமையை அளக்கும் உரிமை எனக்கு இல்லை. சொல்லும்போது வடத்தின்மேல் உட்கார்ந்திருந்தவரை விட்டுவிட்டுச் சொல்லும் உரிமையும் இல்லை. கடன் வாங்கிய பொருளைக் கடன் என்று சொல்லி அனுபவிக்கலாம். பரம்பரைச் சொத்து என்று சொல்லி அனுபவிக்கக் கூடாது.

கிளம்பும்போது பைக்கில் வந்த பேரனிடமிருந்து ஒரு பத்திரிகை வாங்கி என் கையில் கொடுத்தார். ஆவணியில் பேத்தி கல்யாணம். மஞ்சள் தடவிய கவர். காரில் போகும்போது பேத்தி எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் 'திரு.' என்று தொடங்கி ஒரு பெயரைப் படித்தாள். எனக்கு யாரென்று தெரியவில்லை. பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். அவர் பெயர். நாங்கள் அறுபது வருஷமாகக் கூப்பிட்டது எங்கள் வீட்டில் வைத்த பெயர். அவரைக் கேட்காமல் இங்கே இரண்டையும் எழுதப்போவதில்லை.

"இவரு யாரு, அப்புச்சி?"

"புலி இருந்துச்சான்னு கேட்டியே. புலி இல்லை. நான் வளர்ந்த காட்டைப் பார்த்துக்கிட்டது இவரும் இவங்க அப்பாவும்."

"நீங்க பாத்துக்கலையா?"

இல்லை என்றேன். அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பி முகூர்த்த நேரத்தைப் படிக்கத் தொடங்கினாள்.